கண் திறந்திருக்கிறது, மடை திறந்திருக்கிறதா?

மூளையின் அலைகள், கவனம், பார்வை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்பவர், கோவையில் ஒரு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் இ.இ.ஜி. (மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் சோதனை) டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா.

நான் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்குறேனுங்க. பதினோரு வருசமாச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்குது, டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். ஆனா சில நாள் விரல் நுழையற ஓட்டை இருக்கற பீஸையே கையில எடுத்து, திருப்பிப் பாத்து, நல்ல பீஸ் பக்கம் போட்டுடறேன். "கண்ணைத் தொறந்துட்டே தூங்கறியா"ன்னு சூப்பர்வைசர் எல்லாத்துக்கும் முன்னாடி கேக்கறார். எனக்கு என்ன கோளாறுங்க?
— வாசகி, 15 வேலம்பாளையம், திருப்பூர்

உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை அம்மிணி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பேருடைய மூளை அலை காகிதத்தில் ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1988-இல் இ.இ.ஜி. மெஷினுக்கு, அலையை ஓடும் காகிதத்தில் வரையும் பேனாக்கள் இருந்தன. கட்டிலில் படுத்திருப்பவர் தலையில் அளவெடுத்து, பேஸ்ட் தடவி, 21 இடத்தில் எலக்ட்ரோடு, அதாவது கம்பி இணைத்த சின்ன உலோகத் தகடு, ஒட்டுவோம். எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருப்போம். நம் ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று தேங்காயெண்ணெய் தடவிச் சீவி, பூ வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். எலக்ட்ரோடு வழுக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தே பாதி நேரம் போய்விடும்.

எல்லாம் ஒட்டி முடித்ததும் "கண்ணை மூடுங்க" என்பேன். ஒரு விநாடிகூட ஆகாது. பின்மண்டையில் ஒட்டிய எலக்ட்ரோடுகளுக்குரிய பேனாக்கள் மட்டும் கிறுகிறுவென்று துள்ளத் தொடங்கும். காகிதம் விநாடிக்கு 3 சென்டிமீட்டர் நகரும். அந்த 3 சென்டிமீட்டருக்குள் பத்து மேடு, பத்துப் பள்ளம், ஒரே அச்சில் வார்த்த மாதிரி. "கண்ணைத் திறங்க" என்றால் அத்தனையும் அடங்கிக் கோடு தாழ்ந்துவிடும். இதுதான் ஆல்ஃபா அலை. விநாடிக்கு 8 முதல் 13 வரை. உயரம் சுமார் 50 மைக்ரோவோல்ட் என்று வையுங்கள். டார்ச்சில் போடும் ஒரு பேட்டரிச் செல்லில் இருப்பதை முப்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-இல் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து மின்னலையைப் பதிவு செய்து, ஐந்து வருடம் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு, 1929-இல் வெளியிட்டார். பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற ஏட்ரியன், மேத்யூஸுடன் சேர்ந்து 1934-இல் தன் தலையிலேயே எலக்ட்ரோடு வைத்துக் காட்டிய பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

ஆல்ஃபா என்றால் மூளை சும்மா இருக்கிறது என்றுதான் எங்களுக்கும் அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு வந்த ஆராய்ச்சி வேறு சொல்கிறது. ஆல்ஃபா ஒரு மடைப்பலகை மாதிரி. பின்மண்டையில் இருக்கும் பார்வைப் பகுதியில் அது ஓங்கினால், கண்ணிலிருந்து வரும் செய்தி உள்ளே பாய்வது குறைகிறது. கண் திறந்தேதான் இருக்கும். துணியின் பிம்பம் விழித்திரையில் விழுந்தேதான் இருக்கும். மடை மட்டும் பாதி இறங்கியிருக்கும்.

2009-இல் ரெட்மண்ட் ஓகானல் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஏறக்குறைய உங்கள் வேலையையே சோதனையாக வைத்தார்கள். திரையில் படம் ஒரே கதியில் மாறிக்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒன்று மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும், அதைக் கண்டுபிடித்துப் பட்டனை அழுத்த வேண்டும். கோட்டை விட்ட இடங்களை எடுத்து, அதற்கு முன்னால் மூளை அலை எப்படி இருந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தார்கள். கோட்டை விடுவதற்கு 20 விநாடி முன்பிருந்தே ஆல்ஃபா ஏறிக்கொண்டிருந்தது. இருபது விநாடி! உங்கள் மேஜையில் ஒரு பீஸைத் திருப்பிப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகுமென்றால், ஓட்டை உள்ள பீஸ் கைக்கு வருவதற்கு முந்தின பீஸிலேயே மடை இறங்கத் தொடங்கிவிட்டது. இறங்குவது உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால்தானே நிறுத்த முடியும்?

இன்னும் இரண்டு விஷயம் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் 1948-இல் வெளியிட்ட சோதனையில், ராடார் பார்ப்பவர்களைப் போல, தாவித் தாவி நகரும் ஒரு முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டுபிடிக்க, இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வைத்தார். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு தவறவிடுவது கூடிவிட்டது. பயிற்சி பெற்ற ஆட்களுக்கே அப்படி. இரண்டாவது, தேடும் பொருள் அபூர்வமாக வந்தால் அது கண்ணில் படுவதும் குறையும். ஜெரமி வுல்ஃப் 2005-இல் காட்டியது அது. நல்ல கம்பெனியில் நூறு பீஸுக்கு ஒன்றோ இரண்டோதான் பழுது இருக்கும். ஆக, தையல் சுத்தமாக இருக்க இருக்க உங்கள் வேலை கடினமாகிறது.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. என் அம்மா கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டினார்கள். நாலு தறி, பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். பாவில் ஒரு நூல் அறுந்தால் துணியில் கோடு ஓடிக்கொண்டே போகும், பார்த்து உடனே தறியை நிறுத்திப் பிணைக்க வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் ஓடிய பிறகுதான் சில நாள் கண்ணில் படும். சனிக்கிழமை கூலியில் டேமேஜ் பிடிப்பார்கள். தறிக்காரர் கேட்கிறபோதெல்லாம் அம்மா சொன்னது ஒரே பதில்: "பாத்துட்டேதான் இருந்தனுங்க, தெரியலீங்க." அவர் நம்பியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையான நானும் நம்பியதில்லை, தூங்கியிருப்பார்கள் என்றே நினைத்தேன். அந்த 2009-ஆம் வருடக் கட்டுரையை எங்கள் நரம்பியல் டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னபோது அம்மா உயிரோடு இல்லை. அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சூப்பர்வைசரிடம் கேளுங்கள்: அரை மணிக்கு ஒரு முறை செக்கிங்கில் இருப்பவர், பிசிர் வெட்டுபவர், மடிப்பவர் இடம் மாறிக்கொள்ள விடச் சொல்லுங்கள். காசு செலவில்லை. பழுதான பீஸ் சிலவற்றைத் தெரிந்தே நடுவில் கலந்து வைக்கலாம். அடிக்கடி ஒன்று அகப்பட்டால் தேடும் புத்தி விழித்திருக்கும். அவர் படிக்கிறவர் என்றால் இந்தப் பக்கத்தையே கொடுங்கள்.

"ஒரு கண்ணு மாட்டு மேல, ஒரு கண்ணு மடை மேல" என்று எங்கள் அப்பாரு சொல்வார். உண்மையில் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தைக் கவனிக்க முடியுமா?
— வாசகர், கீழ்பவானிப் பாசன விவசாயி, பெருந்துறை

கேள்வியிலேயே பாதி பதிலை வைத்திருக்கிறீர்கள். கீழ்பவானியில் தண்ணீர் எப்படி வருகிறது? எல்லா மதகுக்கும் ஒரே சமயத்தில் விடுவதில்லை. ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த முறை. மூளையும் ஏறத்தாழ அப்படித்தான் செய்கிறது. உங்கள் முறைக்கு மாதக்கணக்கு, அதற்கு விநாடியில் கால் பங்கு.

முதலில் மடை. ஒருவரை, நேராக ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே, தலையையும் கண்ணையும் திருப்பாமல், இடது பக்கத்தை மட்டும் மனசால் கவனிக்கச் சொல்லுங்கள். சந்தையில் பேரம் பேசிக்கொண்டே ஓரத்தில் கட்டியிருக்கும் கன்றுக்குட்டியைக் கவனிப்போமே, அது. இடப்பக்கத்துக் காட்சி வலது மூளைக்குப் போகும். அங்கே பின்மண்டையில் ஆல்ஃபா தாழும். வேண்டாத வலப்பக்கத்தைப் பார்க்கும் இடது மூளையில் ஆல்ஃபா ஓங்கும். ஒன்றைத் திறக்கிறது, மற்றதை அடைக்கிறது. 2000-இல் வொர்டன் என்பவரும் கூட்டாளிகளும் இதைத் தெளிவாகப் பதிவு செய்தார்கள். அடைக்கிற வேலையும் கவனத்தில் சேர்ந்ததுதான். அடைக்கத் தெரியாவிட்டால் திறந்ததற்குத் தண்ணீர் போதாது.

அடுத்தது முறை. 2012-இல் லாண்டாவும் பாஸ்கல் ஃப்ரீஸும் திரையில் இரண்டு இடங்களைக் கவனிக்கச் சொல்லி, மிக மங்கலான ஒரு மாற்றத்தை வெவ்வேறு கணத்தில் காட்டினார்கள். ஓரிடத்தில் கண்டுபிடிக்கும் திறன் விநாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கியது. இங்கே ஏறும்போது அங்கே இறங்கியது, அங்கே ஏறும்போது இங்கே இறங்கியது. அடுத்த வருடம் பிரின்ஸ்டனில் சபைன் காஸ்ட்னரின் ஆய்வுக்கூடத்தில், ஒரே இடத்தைக் கவனிக்கும்போதும் விநாடிக்குச் சுமார் எட்டு தடவை ஏறி இறங்குவதாகக் கண்டார்கள். எட்டை இரண்டு வயலுக்குப் பங்கிட்டால் நாலு நாலு.

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அழகான கணக்கு என்பதற்காக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022-இல் புரூக்ஷயர் என்பவர், இந்த மாதிரி சோதனைகளில் சீரான தாளமே இல்லாத ஏற்ற இறக்கத்தையும் கணக்குப் போடும் முறை தாளம் என்று காட்டிவிடக்கூடும் என்று எடுத்துச் சொன்னார். விவாதம் நடக்கிறது. கவனம் முறை வைத்துப் பாய்கிறது என்பதை நான் நம்புகிறேன். கடிகாரம் வைத்த மாதிரி விநாடிக்கு நாலு தடவைதானா என்பதில் பொறுத்திருக்கிறேன்.

உங்கள் அப்பாரு மாட்டையும் பார்த்திருப்பார், மடையையும் பார்த்திருப்பார். மாறிமாறி, மாறுவது தெரியாமல்.

ஓடும் ஃபேன் சில நேரம் பின்பக்கமாகச் சுற்றுவது போல் தெரிகிறதே, ஏன்? மொபைலில் வீடியோ எடுத்தாலும் அப்படித்தான். ஆனால் எங்கள் வாசலில் வெயிலில் வைத்த டேபிள் ஃபேனிலும் ஒரு நாள் பார்த்தேன். அங்கே கேமரா இல்லையே!
— பிளஸ் டூ மாணவி, பொள்ளாச்சி

கண்ணு, கேமரா இல்லாத இடத்திலும் நடந்ததைக் கவனித்தாயே, அது பெரிய விஷயம். மூன்றும் மூன்று காரணம்.

மொபைல் விநாடிக்கு 30 படம் எடுக்கிறது என்று வை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இறக்கை ஏறக்குறைய அடுத்த இறக்கையின் இடத்துக்கு வந்துவிட்டால், கொஞ்சம் பின்னால் போனது போலத் தெரியும். அவ்வளவுதான். பழைய சோக் போட்ட டியூப் லைட்டும் இதையே செய்யும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டு தடவையாக விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். மில்களில் சுற்றுகிற சக்கரம் நிற்பது போலத் தெரிந்து கை வைத்துவிடுகிற ஆபத்துகூட உண்டு.

வெயிலில் நீ பார்த்ததுதான் சுவையான சங்கதி. சூரியன் விட்டுவிட்டு எரிவதில்லை. அப்படியானால் விட்டுவிட்டுப் பார்ப்பது நாமா? பிரான்சில் ருஃபின் வான்ருல்லன் ஆமாம் என்கிறார். 2005, 2006-இல் அவர் குழு செய்த சோதனைகளில், ஓடும் வடிவம் விநாடிக்குச் சுமார் பத்து தடவை கடந்து போகும் வேகத்தில் இந்த மயக்கம் அதிகம் வந்தது. கவனித்துப் பார்த்தால்தான் வந்தது. வரும்போது தலையின் வலது பக்கத்தில் 13 ஹெர்ட்ஸ் அலை மாறியது. கவனம் சினிமாச் சுருள் மாதிரி துண்டு துண்டாக எடுக்கிறது என்பது அவர் வாதம்.

எதிர்வாதமும் உண்டு. 2004-இல் கிளைன், ஹோல்கம், ஈகிள்மன் ஆகியோர் ஒரே மாதிரி ஓடும் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மூளை ஒரே கேமரா என்றால் இரண்டும் ஒரே சமயத்தில் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, ஒன்று திரும்பும்போது மற்றது சரியாகவே ஓடியது. ஆகவே, முன்பக்க ஓட்டத்தைப் பார்க்கும் நரம்பணுக்கள் அசந்து, பின்பக்கத்துக்குரியவை கொஞ்ச நேரம் மேலோங்குகின்றன என்பது அவர்கள் விளக்கம். எனக்கு இந்த எதிர்வாதம் வலுவாகத் தெரிகிறது.

நீயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு சின்ன ஃபேன் கிடைத்தால் வெயிலில் ஒரே வேகத்தில் ஓடவிட்டு நடுவில் பார். இரண்டும் சேர்ந்து திரும்புகிறதா என்று நோட்டில் குறித்து எனக்கு எழுது.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனை ஒரு பயிற்சி மையத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். நடுமூளையைத் தூண்டி ஆல்ஃபா நிலைக்குக் கொண்டுபோனால் கண்ணைக் கட்டிக்கொண்டே படிப்பானாம். பக்கத்து வீட்டுப் பையன் படித்தும் காட்டினான். கட்டணம் பெரிய தொகை. சேர்க்கலாமா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

சேர்க்காதீர்கள். பணத்தைப் பையன் பேரில் அஞ்சலகத்தில் போடுங்கள்.

நடுமூளை உங்கள் மகனுக்குப் பிறந்த நாளிலிருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. சத்தம் வந்த பக்கம் கண் திரும்புவதும், வெளிச்சத்தில் கருவிழிப் பாவை சுருங்குவதும் அதன் உபயம். தூங்கிக்கொண்டிருந்தால் தட்டி எழுப்பலாம், தூங்கவேயில்லை. ஆல்ஃபாவோ, மேலே திருப்பூர் அம்மணிக்குச் சொன்னதுபோல, கண்ணை மூடினால் எல்லோருக்கும் வருவது. பார்வைப் பகுதியில் அது ஓங்கினால் பார்வை மங்கும். ஆல்ஃபாவைக் கூட்டிக் கண் தெரிய வைக்கிறேன் என்பது, மடையை அடைத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்பதைப் போல.

கண்கட்டு வித்தையின் சூட்சுமம் மூக்கில் இருக்கிறது. எப்படிக் கட்டினாலும் மூக்குத் தண்டின் இரு பக்கமும் கன்னத்தோடு சின்ன இடைவெளி நிற்கும். பிள்ளை தலையை லேசாக நிமிர்த்தி, கீழ்நோக்கிப் பார்த்துப் படிக்கும். பக்கத்து வீட்டுப் பையனிடம் புத்தகத்தை நெற்றிக்கு நேரே உயர்த்திப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது கட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் தாடையை ஒட்டி ஒரு அட்டையை வையுங்கள். ஆனால் அவனை அதட்டாதீர்கள். பெரியவர்கள் ஆசைப்படுவதைச் செய்து காட்டுகிற குழந்தை அவன். பொய் சொல்லப் பழக்கியவர்கள் வேறு.

என்னிடமும் ஒருவர் வந்தார். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து, இ.இ.ஜி. எடுத்து "ஆல்ஃபா மிக அதிகம்" என்று எழுதித் தர முடியுமா, விளம்பரத்துக்கு வேண்டும் என்றார். கண்ணை மூடினால் உங்களுக்கும் அதிகமாகத்தான் வரும், படுங்கள், எடுக்கிறேன் என்றேன். போய்விட்டார். அந்தப் பிள்ளைகளில் சின்னவள் என் மேஜையில் கிடந்த அலைக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது என்னவென்று சொல்லித்தர எனக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்திருக்கும். விடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

தியானத்தில் ஆல்ஃபா வரும் என்பதாவது உண்மையா?
— வாசகி, பேரூர்

உண்மை. டெல்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்தும் சகாக்களும் 1961-இல் யோகிகளைச் சோதித்து வெளியிட்டார்கள். சாதாரணமாக, சத்தமோ வெளிச்சமோ வந்தால் ஆல்ஃபா சட்டென்று அடங்கும். தியானத்தில் இருந்த யோகிகளுக்கு அடங்கவில்லை. இரண்டு பேர் பனிக்கட்டிபோலக் குளிர்ந்த தண்ணீரில் முக்கால் மணி நேரம் கையை வைத்திருந்தும் ஆல்ஃபா குலையவில்லை. வெளியிலிருந்து வருவதை அடைக்கும் பயிற்சி அது என்று நான் புரிந்துகொள்கிறேன். நல்ல பயிற்சிதான். மார்க் வாங்குவதற்கு என்று யாரும் விற்காதவரை.

இருவது வருசமா லாரி ஓட்டறனுங்க. போன மாசம் தொப்பூர் கணவாய்ல விடிகாலையில கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, ஆனா முன்னால போன வண்டியோட சிவப்பு லைட் எப்ப எரிஞ்சுதுன்னே தெரியல. மயிரிழையில தப்பிச்சேன். ஜன்னலைத் தொறந்து விட்டா, பாட்டுப் போட்டா சரியாப் போகுமுங்களா?
— லாரி ஓட்டுநர், சங்ககிரி

தம்பி, போகாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் எப்படி வருகிறது என்பதை நான் காகிதத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கண் மூடிப் படுத்திருப்பவருக்கு ஆல்ஃபா சீராக ஓடும். பிறகு விட்டுவிட்டு ஓடும். பிறகு மறைந்து, விநாடிக்கு ஐந்தாறு மட்டுமே வரும் சோம்பலான தீட்டா அலை தொடங்கும், கண்விழி மூடிய இமைக்குள் மெல்ல இடமும் வலமுமாக உருளும். அந்தச் சமயம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து, "நான் தூங்கவேயில்லையே" என்பார்கள். அடித்துச் சொல்வார்கள். அசந்துபோன ஓட்டுநருக்குக் கண் திறந்திருக்கும்போதே பின்மண்டையில் ஆல்ஃபா கொத்துக் கொத்தாக வரும். அடுத்த படி, சில விநாடித் தூக்கம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். மூன்று விநாடியில் 50 மீட்டர், லோடு வண்டி, இறக்கத்தில்.

காற்றும் பாட்டும் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவே. உருப்படியானது ஒன்றுதான்: வண்டியை ஓரங்கட்டி, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு உடனே சாய்ந்து 15, 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும் நேரம், கணவாயை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். லோடு அவசரம் என்று ஆபீஸில் கத்துவார்கள். கத்தட்டும். வீட்டில் உங்கள் குறட்டை பலமாக இருக்கிறதா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று சம்சாரத்திடம் கேளுங்கள். ஆமாம் என்றால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

விநாடிக்கு 40 முறை மினுக்கும் விளக்கைப் பார்த்தால் மறதி நோய் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு வயது 74. வாங்கலாமா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தாராபுரம்

ஐயா, இப்போதைக்கு வேண்டாம். ஆனால் செய்திக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

1989-இல் பிராங்பர்ட்டில் சார்லஸ் கிரே, வுல்ஃப் சிங்கர் குழுவினர், பூனையின் பார்வைப் பகுதியில் ஒரே பொருளைச் சேர்ந்த கோடுகளைப் பார்க்கும் நரம்பணுக்கள் விநாடிக்குச் சுமார் 40 தாளத்தில் ஒன்றுசேர்ந்து துடிப்பதைக் கண்டார்கள். இது காமா அலை. 2001-இல் ஃப்ரீஸும் டெசிமோனும், குரங்கு ஒரு பொருளைக் கவனிக்கும்போது அதைப் பார்க்கும் அணுக்களிடையே காமா ஒற்றுமை கூடுவதைக் காட்டினார்கள். கும்மியில் கை ஒன்றாகத் தட்டினால்தான் தெரு முனை வரை கேட்கும், அதுபோல என்று எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ரே குழு, நம் நாட்டு முதியவர்களிடமே இ.இ.ஜி. எடுத்து, வயது ஏற ஏறக் காமா தளர்வதையும், மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் தளர்ந்திருப்பதையும் காட்டியிருக்கிறது. அதே ரே, காட்சியில் கறுப்பும் வெளுப்பும் பளிச்சென்று பிரிந்து தெரிகிறதா மங்கலாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் காமாவின் வேகமே மாறிவிடுகிறது, அதைப் போய் மூளையின் பொதுத் தாளம் என்று எப்படிச் சொல்வது என்று 2010-இல் கேட்டவரும்கூட. இப்படிக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

விளக்கு விஷயம் 2016-இல் வந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் லி-ஹுவே சாய் குழு, எலிகளுக்கு 40 ஹெர்ட்ஸ் மினுக்கல் காட்டியபோது மூளையில் மறதி நோய்க்குரிய படிவுகள் குறைந்ததாகச் சொன்னது. 2023-இல் நியூயார்க்கில் கியோர்கி புசாக்கியின் ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் திரும்பச் செய்தபோது அப்படிக் குறையவில்லை. மனிதர்களிடம் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. அது முடியட்டும். மினுக்கும் விளக்கு சிலருக்கு வலிப்பைக் கிளப்பிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் டி.வி. கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மினுக்கியதில் அறுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாங்கள் லேபில் மினுக்கு விளக்குச் சோதனை செய்யும்போது பக்கத்தில் டாக்டரும் மருந்தும் தயாராக இருக்கும். உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்காது.

இத்தனை பேருக்கு எடுத்தீர்களே, உங்கள் மூளை அலையை எப்போதாவது பார்த்தீர்களா?
— வாசகி, உடுமலை

பார்த்தேன். சேர்ந்த புதிதில், மெஷினைச் சரிபார்க்க ஒரு தலை வேண்டும் என்று சீனியர் அக்கா என்னையே படுக்க வைத்தார்கள். விநாடிக்குப் பத்தரை. ஓய்வு பெறுகிற வாரம் கம்ப்யூட்டர் மெஷினில் இன்னொரு முறை எடுத்துக்கொண்டேன். ஒன்பது. வயதானால் ஆல்ஃபா கொஞ்சம் நிதானமாகும்.

அந்தப் பழைய காகிதத்தை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மை பழுப்பாகிவிட்டது. கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன், அலை அலையாக மேடும் பள்ளமும். நடுவில் ஓரிடத்தில் பாதி விநாடிக்குக் கோடு தட்டையாகிறது, மறுபடி எழுகிறது. அங்கே அக்கா பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: "டம்ளர் விழுந்தது."